பற்றரித் தட்டின் கீழே உடைந்த ஸ்டட்: ஒரு நிகழ்வு ஆய்வு

ரீச்சர் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அந்த ஸ்டட், அதாவது நட்டு ஏறுவதற்காகக் காரின் உடலோடு ஒட்டி நிற்கும் புரிக் கம்பி, உடைந்திருக்கவில்லை. மறுநாள் காலை என் கையில்தான் அது உடைந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கராஜில் ஸ்டட் உடைவது எவருக்கும் நடக்கக்கூடியது. உடைந்ததைச் சொல்லாமல், பக்கத்தில் ஒரு தகரத் திருகாணியை இறுக்கி, மேலே கறுப்புப் பெயின்ற் பூசி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அந்தத் திருகாணி சில மாதங்களில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலையை நீட்டி எழுதுகிறேன்.

2024 மே மாதம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. ரீச்சர் ஓய்வுபெற்றவர், செம்மலையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கார் 1990களின் நடுப்பகுதியில் ஜப்பானில் செய்த ஒரு சலூன். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் முப்பது வயதுக் காரை ஒருவரும் பழசு என்று ஒதுக்கவில்லை. ஓடுகிற கார் இருந்தால் அதைக் காப்பாற்றினார்கள்.

"தம்பி, இரவில் விளக்குக் காணாது. பல்ப் இரண்டும் புதிதாக மாற்றிவிட்டேன். அப்படியும் மங்கல்தான். ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் நேற்று ஒரு மாட்டுக் கூட்டம் றோட்டில் படுத்திருந்தது. கிட்டப் போன பிறகுதான் கண்டேன்" என்றார்.

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரும் ஏ34 வீதியில் இரவில் ஓடியவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பல இடங்களில் இரண்டு பக்கமும் காடு, வீதி விளக்கு இல்லை. தார் வீதி பகல் வெயிலை இரவிலும் வைத்திருக்கும். அந்தச் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கும். சில இடங்களில் யானையும் வரும். முன்விளக்கு மங்குவது அங்கே சில்லறைக் கோளாறு அல்ல.

பல்ப் மாற்றியும் மங்கல் என்றால் பல்பை விட்டுவிட்டு மின்சாரம் வரும் வழியையும் போகும் வழியையும் பார்க்க வேண்டும். காரை ஸ்ரார்ட் செய்தேன். ஸ்ரார்ட்டர் முதல் சுற்றிலேயே பிடித்தது; ஆகவே பற்றரியில் குறை இல்லை. முன்விளக்கைப் போட்டு இண்டிகேட்டரையும் போட்டேன். இண்டிகேட்டர் துடிக்கத் துடிக்க, பெற்றோல் காட்டும் முள்ளும் கூடவே துடித்தது. தொடர்பில்லாத இரண்டு பொருள்கள் ஒரே தாளத்தில் துடித்தால் அவை இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. காரில் எல்லாவற்றுக்கும் பொதுவானது உடல், அதாவது ஏர்த்.

இந்த இடத்தில் சைக்கிள் டைனமோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏர்த் என்பதை நான் படித்தது அதில்தான். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் வன்னிக்குள் பெற்றோல் வராது, டோர்ச்சுக்குப் போடும் உலர் பற்றரிகூட வராது. கார்களைச் சிறிது பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்கும். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். திரும்பி வருவதற்கு வயர் கிடையாது; சைக்கிளின் இரும்பு உடலே அந்தப் பாதை. அதற்காக டைனமோவின் பிடியில் கூர்மையான ஒரு சிறிய திருகாணி இருக்கும். அதை இறுக்கினால் சைக்கிளின் பெயின்றைத் துளைத்துக்கொண்டு இரும்பில் குத்தி நிற்கும். அந்த முனையில் கறள் பிடித்தால், எவ்வளவு மிதித்தாலும் விளக்கு மின்மினிதான். சின்ன வயதில் எத்தனையோ தடவை அந்த முனையை அரத்தால் ராவியிருக்கிறேன். காரும் அதே சைக்கிள்தான். பற்றரியின் நெகற்றிவ் முனையிலிருந்து ஒரு தடித்த கேபிள் எஞ்சினுக்குப் போகிறது. மெல்லிய இன்னொன்று உடலுக்குப் போகிறது. ஸ்ரார்ட்டர் நன்றாகச் சுற்றியது தடித்த கேபிளின் தயவில். விளக்குகள் நம்பியிருந்தது மெல்லிய வயரை.

மல்டிமீற்றரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் இரண்டு முனைகளுக்கும் இடையில் 14.0 வோல்ட். முன்விளக்கின் பின்னால், சொக்கற்றில், 11.9 வோல்ட். இடையில் 2.1 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும் மற்றதை உடலில் பெயின்ற் சுரண்டிய ஓர் இடத்திலும் வைத்தேன்: 1.8 வோல்ட். இருக்க வேண்டியது 0.1 வோல்ட் அளவுதான். மீதி 0.3 பொசிற்றிவ் பக்கம், சுவிட்சிலும் வயரிலும் போவது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

1.8 வோல்ட் பார்வைக்குச் சின்னத் தொகை. ஆனால் ஹலோஜன் பல்பின் ஒளி வோல்ட்டோடு நேர்விகிதத்தில் இறங்காது, அதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். வோல்ட் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். ரீச்சர் அவ்வளவு தூரத்தை இருட்டில் இழந்துகொண்டிருந்தார். அந்த ஒளி எங்கே போனது என்பதும் உடனே தெரிந்தது. பத்து நிமிடம் விளக்கு எரிந்த பிறகு, ஏர்த் வயரின் முனையில் இருக்கும் வளையத்தைத் தொட்டேன். சுட்டது. இரண்டு முன்விளக்குக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 அம்பியர், அதை 1.8ஆல் பெருக்கினால் 18 வோட்ஸ். றோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் ஒரு வளையத்தின் கீழே சூடாகிக்கொண்டிருந்தது.

அந்த வளையம் இருந்த இடம்தான் நம்முடைய ஸ்டட். பற்றரியைத் தாங்கும் தட்டின் ஒரு காலைப் பிடிப்பதற்காக உடலோடு ஒட்டிய எம்6, அதாவது 6 மில்லிமீற்றர் புரி, ஸ்டட் அது. யாரோ ஒருவர், எந்தக் காலத்திலோ, உடலின் ஏர்த் வயரையும் கொண்டுவந்து அதே ஸ்டட்டில், தட்டின் காலுக்கு மேலே மாட்டியிருந்தார். அதற்கு மேல் தார் போன்ற கறுப்புப் பெயின்றைக் கனமாகப் பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சு வெளியிலிருந்து ஈரத்தை உள்ளே விடாது என்று நினைத்திருக்கலாம். உண்மையில் உள்ளே ஏற்கெனவே இருந்த பற்றரி அமிலத்தையும் உப்பையும் வெளியே விடாமல் பூட்டி வைத்திருந்தது.

உடைந்த விதம்

அன்று பின்னேரமே நட்டைச் சுற்றியிருந்த கறுப்பைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கறள் இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் இன்னொரு தடவை விட்டேன். காஸ் சுவாலையால் சூடாக்கவில்லை; நாலு விரல் தள்ளி வயர்க் கட்டும் பிரேக் குழாயும் ஓடின. பத்தாம் இலக்க ஸ்பானரைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினேன். கிரீச்சென்று ஒரு சத்தம், கால் சுற்று வந்தது. அதன் பிறகு ஸ்பானர் மென்மையாகத் திரும்பியது.

அந்த மென்மையை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் கையில் உணர்ந்திருப்பார்கள். மெழுகுக்குள் திருகுவது போல இருக்கும். நட்டு இளகிவிட்டது என்று மனம் சந்தோஷப்படும். இளகும் நட்டோ விட்டு விட்டு, கரகரவென்று வரும். ஒரே சீராக, சத்தமில்லாமல் திரும்பினால் முறுகுவது ஸ்டட்தான். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினேன். நட்டும் அதற்குள் இருந்த துண்டும் சேர்ந்து கையோடு வந்தன.

உடைந்த முகத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு நிறம். வெளிவட்டம் கருங்கபிலம், பழைய கறள். நடுவில் மிளகளவு ஒரு வட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில், புதிதாக முறுகிய சுழிகளோடு மினுங்கியது. வேர்னியரில் அந்த நடுவட்டம் 3.7 மில்லிமீற்றர். எம்6 புரியின் அடிவிட்டம் 4.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர்தானே குறைவு என்று தோன்றும். ஆனால் முறுக்கத்தைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. அந்த ஸ்டட்டில் மிஞ்சியிருந்தது பாதிக்கும் குறைந்த பலம். முழுப் பலத்தோடு இருக்கும் எம்6 ஸ்டட்டையே உடைக்க, 12 சென்ரிமீற்றர் நீள ஸ்பானரின் முனையில் 15 கிலோ அளவு அழுத்தம் போதும். இறுகிப்போன எம்6 நட்டோடு பலப்பரீட்சை செய்ய நமக்கு இடமே இல்லை. செய்திருக்க வேண்டியது இதுதான்: நட்டின் ஒரு பக்கத்தை ஸ்டட்டுக்கு இணையாக வாளால் அறுத்து, உளியால் ஒரு தட்டு. நட்டு விரிந்து கழன்றிருக்கும். ஐந்து நிமிட வேலை. இப்போது எங்கள் கராஜில் உடலில் ஒட்டிய ஸ்டட்டில் நட்டு இறுகியிருந்தால் ஸ்பானர் இரண்டாம் தடவை ஏறுவதில்லை, வாள்தான்.

ரீச்சரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். "பொங்கலுக்கு முன் ஓடுமா?" என்று கேட்டார். ஓடும் என்றேன். அதைச் சொல்லும்போது தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்த்திருக்கவில்லை.

தகட்டின் மறுபக்கம்

பற்றரியையும் தட்டையும் வெளியே எடுத்தோம். மூலையெங்கும் வெள்ளையும் நீலமுமாக உப்புப் பூத்திருந்தது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம், நுரைத்து அடங்கியது. நுரை வராத வரை மறுபடி மறுபடி ஊற்றிக் கழுவ வேண்டும். அமிலம் மிஞ்சிய இடத்தில் எந்தப் பெயின்றும் நிற்காது.

காய்ந்த பிறகு திருப்புளியின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு கணீரென்று சொல்லும். ஸ்டட்டின் அடிக்கட்டையை நெருங்க நெருங்கச் சத்தம் நனைந்த மட்டையைத் தட்டுவது போல இறங்கியது. திருப்புளியைத் திருப்பிப் பிடித்து முனையால் மெதுவாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது.

அந்த இடம் ஒற்றைத் தகடு அல்ல. காரின் முன்பகுதியில் நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தின் மேல்முகம் அது. நாலு பக்கமும் மூடியது, பின்னால் கை போகாது. இற்ற பகுதியை வெட்டித் திறந்ததும் உள்ளே காய்ந்த சேறு. விரலால் வழித்தால் மாவு போன்ற வண்டல், இரண்டு கைப்பிடிக்கும் மேல். அதற்குள் கடுகளவில் ஒரு நத்தைக் கூடு, உடையாமல், வெள்ளையாக இருந்தது. ரீச்சரிடம் கேட்டபோது விளங்கியது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, அந்தக் கார் கண்டாவளைப் பக்கம் உறவினர் வீட்டு முற்றத்தில் நின்றிருக்கிறது. சக்கரம் மூடத் தண்ணீர். வெள்ளம் வடிந்ததும் இருக்கைகளைக் கழற்றிக் காயவைத்து, ஓயில் மாற்றி, எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். பெட்டிச் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று ஒரு துளை உண்டு. அந்தத் துளை சேற்றால் அடைபட்டதை மட்டும் எவரும் பார்க்கவில்லை. அதன் பிறகு ஐந்து மாரி. ஒவ்வொரு மாரியிலும் சட்டத்துக்குள் ஈரச் சேறு. மேலே பற்றரி அமிலம். செம்மலையில் இரவெல்லாம் உப்புக் காற்று. தகடு இரண்டு பக்கமிருந்தும் கரைந்திருக்கிறது.

வற்றாப்பளையில் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பது காலங்காலமாக வரும் வழக்கம். அம்மனின் சந்நிதியில் உப்புநீர் விளக்கை எரிய வைக்கிறது. அதே கடலின் உப்பு ரீச்சரின் கார் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தது என்ற நினைவு வேலை முடியும் வரை என்னை விட்டுப் போகவில்லை.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாகச் செய்யும் வேலைகள் சில உண்டு. பக்கத்தில் துளைத்துத் தகரத் திருகாணி போடுவதைப் பற்றி முன்பே சொன்னேன். 0.8 மில்லிமீற்றர் தகட்டில் அந்தத் திருகாணிக்குக் கிடைப்பது ஒரு புரிக்கும் குறைந்த பிடி. 12 கிலோ அளவு எடையுள்ள பற்றரி கிரவல் றோட்டில் குதிக்கும்போது துளை நீள்வட்டமாகி, தட்டு ஆடத் தொடங்கும். தட்டு ஆடினால் பற்றரி நகரும். பொசிற்றிவ் முனை பொனற்றின் தகட்டில் தொட்டால் தீ. இதை நான் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பற்றரியைக் கட்டிய கம்பி கழன்று பொனற்றில் உரசிக் கருகிய அடையாளத்தோடு வந்த வாகனங்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிவெட் நட்டு நல்ல பொருள். பின்பக்கம் கை போகாத தகட்டுக்கென்றே செய்தது. 9 மில்லிமீற்றர் துளை போட்டு, உள்ளே விட்டு இழுத்தால் பின்னால் விரிந்து தகட்டைக் கவ்விக்கொள்ளும். கவ்வுவதற்கு நல்ல தகடு இருந்தால் மட்டுமே. இற்ற தகட்டில் முதலாம் நாள் பிடிக்கும், ஆறாம் மாதம் நட்டோடு சேர்ந்து சுழலும். சுழலத் தொடங்கிய ரிவெட் நட்டைக் கழற்றுவது உடைந்த ஸ்டட்டைவிடப் பெரிய தலைவலி. எப்பொக்சிப் பசையில் ஸ்டட் ஒட்டுவது பிளாஸ்ரிக் மூடிகளுக்குச் சரி; அது மின்சாரத்தைக் கடத்தாது, ஏர்த்துக்கு உதவாது.

போல்ட்டின் தலையைத் தட்டையாக ராவி, தகட்டின் மேல் நிறுத்தி, சுற்றி வெல்டிங் அடிப்பதுதான் இங்கே அதிகம் நடப்பது. பார்வைக்கு மலை போலப் பலமாக இருக்கும். ஆனால் பாரம் முழுவதும் வெல்டிங்கின் ஓரத்தில், சூட்டால் நலிந்த மெல்லிய தகட்டில் விழும். அந்த வட்டத்திலேயே தகடு கிழியும். ஸ்டட்டின் பலம் புரியில் இல்லை, அது எதைப் பின்னாலிருந்து பிடித்து நிற்கிறதோ அதில்தான் இருக்கிறது. ஆகவே தலை தகட்டுக்குப் பின்னால் போக வேண்டும். நட்டை இறுக்கும்போது தலை தகட்டை இழுத்து அணைக்க வேண்டும். வெல்டிங் தலையைச் சுழலாமல் பிடிப்பதற்கு மட்டும்.

டிங்கர் வேலைக்கு நான் அழைப்பது என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அண்ணையை. தகட்டு வேலையில் அவர் கையை மிஞ்சிய கையை நான் காணவில்லை. எம்6 போதாது, எம்8 ஆகப் போட்டுவிடுவோம் என்றேன். அவர் மறுத்துவிட்டார்.

"தம்பி, பத்து வருடம் கழித்து இன்னொருவன் இதைக் கழற்றுவான். நட்டு இறுகியிருக்கும். உன்னைப் போலவே அவனும் பலத்தைக் காட்டுவான். எம்6 என்றால் ஸ்டட் உடையும். எம்8 என்றால் சட்டம் கிழியும். எது உடைய வேண்டும் என்று இப்போதே நாம்தான் தீர்மானிக்கிறோம்" என்றார்.

எம்6தான் போட்டோம். இதுபற்றி எனக்கு முழுச் சம்மதம் வர ஒரு நாள் பிடித்தது. இப்போது அவர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ஸ்டட் மலிவு, சட்டம் காரின் முதுகெலும்பு. என் பக்கத்திலிருந்து நான் கேட்ட மாற்றம் ஒன்று உண்டு: ஒன்றல்ல, இரண்டு ஸ்டட். ஒன்று தட்டின் காலுக்கு, மற்றது ஏர்த்துக்கு மட்டும். தட்டு ஆடும் பொருள்; அதைப் பிடிக்கும் நட்டு என்றாவது ஒருநாள் இளகும். அதோடு ஏர்த்தும் சேர்ந்து இளகக்கூடாது.

வேலை

நல்ல தகடு வரும் வரை வெட்டினோம். திறப்பு 70க்கு 45 மில்லிமீற்றர் வந்தது. அதைவிட அதிகம் போயிருந்தால் இது ஒட்டுப் போடும் வேலையாக இருந்திருக்காது. சட்டத்தின் அந்தத் துண்டையே மாற்ற வேண்டியிருக்கும், பொங்கலுக்குக் கார் ஓடாது என்று சொல்லியிருப்பேன். அதிர்ஷ்டவசமாகச் சட்டத்தின் பக்கச் சுவர்கள் கணீரென்றன. சேற்றைக் காற்றால் ஊதி, கழுவி, அடியில் அடைபட்ட துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, ஒரு நாள் முழுவதும் வெயிலில் காயவிட்டோம்.

ஒட்டுத் தகடு 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீற்றர், நாலு பக்கமும் விரற்கடை அளவு மேவி நிற்க 110க்கு 80ஆக வெட்டினோம். அதில் 45 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளைகள், ஒவ்வொன்றிலும் பின்பக்கமிருந்து ஓர் எம்6 போல்ட், தலைக்கும் தகட்டுக்கும் நடுவில் 25 மில்லிமீற்றர் அகல வாஷர். போல்ட்டின் தலையிலும் வாஷரிலும் இருந்த துத்தநாகப் பூச்சை முதலில் கிறைண்டரில் போக்கினோம். துத்தநாகம் எரியும் புகையை மூச்சில் வாங்கினால் இரவு குளிர்க் காய்ச்சல் வரும்; வெல்டிங்கும் குமிழிக்கும். நட்டைப் போட்டு இறுக்கி வைத்துக்கொண்டு, தலையின் ஓரத்தில் இரண்டே புள்ளி வெல்டிங். போல்ட்டைச் சுற்றி முழுவதும் அடிக்கக்கூடாது. அந்தச் சூட்டில் உருக்கின் பதம் போய்விடும்.

தகட்டின் விளிம்பைச் சுற்றி 6 மில்லிமீற்றர் துளைகள். ஒட்டும் இரண்டு முகங்களிலும் வெல்டிங் சூட்டைத் தாங்கும் துத்தநாகப் பிறைமர். திறப்பின் மேல் தகட்டை வைத்தபோது போல்ட்டின் தலைகளும் வாஷர்களும் பெட்டிக்குள் தொங்கின, கை போகாத இடத்துக்கு அவை போய்ச் சேர்ந்துவிட்டன. பிறகு அந்தச் சிறிய துளைகள் ஒவ்வொன்றையும் மிக் வெல்டிங்கால் நிரப்பினோம். அடுத்தடுத்த துளைகளை அடிக்காமல் எதிரெதிர் மூலைகளாக, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆறவிட்டு. ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டில் ஓட்டைதான் போடும்.

மே மாதம் சோளகம், அதாவது தென்மேல் காற்று, வீசத் தொடங்கியிருந்தது. மிக் வெல்டிங்கில் உருகும் இரும்பைக் காற்றுப் படாமல் காப்பது அதைச் சுற்றி வரும் வாயு. சோளகம் அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. முதல் இரண்டு புள்ளிகளும் தேன்கூடு போலத் துளைதுளையாக வந்தன. அவற்றை ராவி எடுத்துவிட்டு, தறப்பாள் இரண்டைக் கட்டி மறைத்த பிறகுதான் பளபளவென்று விழுந்தது.

வெல்டிங் தொடங்கும் முன் செய்தவற்றையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவசரத்தில் முதலில் விடுபடுவது இவைதான். பற்றரி கராஜுக்கு வெளியே போனது. பற்றரியிலிருந்து வரும் ஐதரசனுக்கு ஒரு பொறி போதும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் சொக்கற்றும் ஒல்ரனேற்றரின் வயரும் கழற்றப்பட்டன. வயர்க் கட்டை விலக்கிக் கட்டி, பிரேக் குழாயின் மேல் ஈரச் சாக்குப் போட்டோம். வெல்டிங் இயந்திரத்தின் ஏர்த் பிடியை எஞ்சினில் மாட்டாமல், வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் உடலிலேயே மாட்டினோம். தீயணைக்கும் உருளை என்னிடம் வேலை பழகும் இளைஞனின் கையில். அவனுக்கு அன்று வேறு வேலை கிடையாது.

எப்பொக்சிப் பிறைமர், மூட்டுகளில் சீலர், மேலே காரின் நிறம். பெயின்ற் அடிக்கும்போது ஏர்த் ஸ்டட்டைச் சுற்றி ஒரு சதக் காசு அளவு வட்டத்தை ஒட்டுத்தாளால் மூடி வைத்தோம். பெயின்ற் காய்ந்ததும் தாளை உரித்து, வெறும் இரும்பின் மேல் வளையத்தை வைத்து, மேலே பல் வாஷர், அதன் மேல் நட்டு. வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவில் வாஷர் வரக்கூடாது. பழைய வளையத்தை வைக்கவில்லை. வயரைப் பச்சைக் கறள் இல்லாத செம்பு தெரியும் வரை வெட்டிப் புதிய வளையம் அடித்தோம். 9 நியூட்டன் மீற்றரில் இறுக்கிய பிறகுதான் மேலே கிறீஸ் பூசினோம். முதலில் உலோகமும் உலோகமும் சேர வேண்டும். காப்பு அதன் பிறகு. சட்டத்துக்கு உள்ளே, அடித் துளை வழியாகக் குழாய் விட்டு, உருக்கிய மெழுகும் புது ஓயிலும் கலந்து பாய்ச்சினோம். துளையில் சொட்டிய மெழுகை உடனே துடைத்து, துளை மறுபடி அடைபடாமல் பார்த்துக்கொண்டோம்.

எஞ்சினை ஓட்டி விளக்கைப் போட்டு மீற்றரை வைத்தேன். நெகற்றிவ் முனைக்கும் உடலுக்கும் இடையில் 0.05 வோல்ட். விளக்குச் சொக்கற்றில் 13.6. இண்டிகேட்டர் துடித்தது, பெற்றோல் முள் அசையவில்லை. பொங்கலுக்கு இரண்டு நாள்கள் இருக்கையில் கார் போனது. உடைந்த ஸ்டட்டையும் வெட்டிய தகட்டையும் ஒரு பையில் போட்டு ரீச்சரிடம் கொடுத்தேன். தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் ஓட்டைகள் வழியாக வானத்தைப் பார்த்தார். பற்றரித் தண்ணீரையும் அந்த அடித் துளையையும் மாதம் ஒருமுறை பார்க்கும்படி சொன்னேன். தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

நவம்பர் கடைசி மழை ஓய்ந்த பிறகு காரை மறுபடி வரச் சொல்லியிருந்தேன். டிசம்பரில் வந்தது. மூட்டுகளில் கறள் இல்லை. அடித் துளையில் கம்பியை விட்டேன். சேறில்லாத தண்ணீர் நாலைந்து சொட்டு விழுந்தது. மீற்றர் அதே 0.05 காட்டியது. தட்டின் காலைப் பிடித்திருந்த நட்டு மட்டும் சற்று இளகியிருந்தது. அதைக் கால் சுற்று இறுக்கினேன். ஏர்த் நட்டைத் தொடவில்லை.